பெரியவருக்குப் பதில் சின்னவர்

தட்டை ஆட்ட வேண்டும், அலம்பக் கூடாது. இந்தப் பக்கம் சாய்த்து, ஒரு மூச்சு நிறுத்தி, அந்தப் பக்கம் சாய்த்து, குழிகளின் அடியில் ஒட்டிக் கிடக்கும் செல்களின் மேல் வைரஸ் கலந்த அந்த ரோஸ் நிறத் தண்ணீர் ஒரு ஓரம் விடாமல் படர்ந்து திரும்ப வேண்டும், காய்ந்த இடம் கண்ணில் பட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. தட்டை ஆட்டிக் கொடுக்கும் மெஷின் போன வாரமே படுத்துவிட்டது, சரிபண்ண வருகிறேன் என்ற ஆள் சேலத்திலிருந்து இன்னும் வந்துகொண்டே இருக்கிறான், அதனால் ஓசூர் கால்நடை ஆய்வுக்கூடத்தில் கையால்தான் ஆட்டுகிறாள் கமலவேணி, கையுறை போட்ட கையைக் கண்ணாடித் தடுப்புக்குள் நீட்டி, ஸ்டூலில் முதுகு வளைந்து உட்கார்ந்து. வைரஸ் செல்லுக்குள் இறங்க ஒரு மணி நேரம். அதுவரை ஆட்டு, வை, காத்திரு, ஆட்டு. கைக்கு வேலை இருக்கிறது, மண்டைக்கு இல்லை, மண்டை சும்மா இருக்குமா. ஜிப் பையில் போட்ட போன் எதிர் அலமாரியில் சாய்ந்து நிற்கிறது. கறுப்பாக நிற்கிறது. சாயங்காலப் பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள் சாந்தாமணி, புருஷனின் தங்கை, கோபிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த மாட்டு வீட்டில் கமலவேணியின் பெண்ணை வளர்க்கிறவள். இன்றைக்குப் பதில் சொல்கிறேன் அண்ணி என்றாள். மிருதுளா ஓசூருக்கு வந்து அம்மாவோடு இருக்கப் போகிறாளா, இல்லை இருக்கிற இடத்திலேயே இருக்கப் போகிறாளா, அதற்குத்தான் பதில். ஏழு வயசுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா இது? பெற்றவள் தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர யார் பதில் சொல்ல வேண்டும்? கேட்க வேண்டாமே, நேரே போய்க் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினால் ஆயிற்று. அப்படித்தான் நினைத்தாள். நினைத்துவிட்டுத்தான், நீயே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு சாந்தா என்று தன் வாயாலேயே சொல்லித் தொலைத்தாள். பயம், வேறென்ன. அந்தப் பக்கம் சாய்த்தாள்.

பெரியவர், சின்னவர் என்று பேர் வைத்தது பக்கத்து அறை அருள்ராஜ். எதற்காவது ஒரு பட்டப்பேர் வைக்காவிட்டால் அந்த மனுஷனுக்குச் சோறு இறங்காது. பெரியவர் என்றால் கோமாரி. மாட்டின் வாயையும் குளம்பையும் புண்ணாக்கி, கயிறு கயிறாக எச்சில் ஒழுக வைத்து, தீவனத்தின் முன்னால் நிற்க வைத்தே பட்டினி போடுகிற வைரஸ், ஒரு பட்டியில் புகுந்தால் காற்றிலேயே அடுத்த பட்டிக்குப் போகிறவர், அவரைக் கையால் தொட வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற காற்றுகூட வடிகட்டாமல் வெளியே போக முடியாத கட்டடம் வேண்டும். சின்னவர் அவருக்குப் பங்காளி முறை. குதிரைக்குச் சளி பிடிக்க வைப்பார், மூக்கை ஒழுக வைப்பார், அத்தோடு சரி, சாது. ஆனால் ஒரே வம்சம், ஒரே உடம்பு வாகு, பெரியவர் மாதிரியே புளிப்புப் பட்டால் உடைந்து போவார், பெரியவர் மாதிரியே சூட்டுக்குச் சுருள்வார். அதனால் பால் கேனை எதைப் போட்டுக் கழுவினால் கோமாரி சாகும், லாரி டயரில் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும், ரப்பர் பூட்ஸில் எவ்வளவு நேரம் என்று பார்ப்பதற்குப் பெரியவரை எழுப்ப வேண்டியதில்லை, சின்னவரை உட்கார வைத்துப் பார்த்துவிடலாம். பெரிய கட்டடத்தை ரிப்பேருக்கு மூடியதிலிருந்து இங்கே எல்லாம் சின்னவர் ராஜ்ஜியம்தான். விவசாயிகளுக்குக் கொடுக்கிற தமிழ்த் துண்டுப் பிரசுரத்தில் இவள் 'கோமாரிக்குப் பதிலியாகக் குதிரை வைரஸ்' என்று எழுதிக் கொடுத்தாள், அச்சடித்தவன் பதிலி என்று ஒரு வார்த்தை உண்டா என்று யோசித்திருப்பான் போல, 'கோமாரிக்குப் பதில் குதிரை வைரஸ்' என்று திருத்திவிட்டான். கோமாரிக்கு விடை கண்டுபிடித்துவிட்டீர்களாமே அம்மா, ஊசியா மாத்திரையா என்று தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு பெரிய மனுஷர் போன் பண்ணினார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். அறைக்குப் போய் விளக்கைப் போட்ட பிறகுதான் அந்த வார்த்தை மாட்டிக்கொண்டது. பதில். கேட்டால் வருவதும் பதில், ஒருத்தர் இல்லாத இடத்தில் இன்னொருத்தர் நிற்பதும் பதில். அம்மாவுக்குப் பதில் யார் என்றால் சாந்தாமணி. சாந்தாமணியிடமிருந்து இன்றைக்கு வர வேண்டியது என்ன என்றால் பதில். போன் கறுப்பாகவே இருக்கிறது, பால் இன்னும் ஊற்றியாகவில்லை போல.

பெரியவரிடம் போய் வருவது லேசுப்பட்ட காரியமா. உடுத்த துணி, மெட்டி, கம்மல், கொடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும், வரும்போது தலையோடு குளிக்க வேண்டும், மூக்கைச் சிந்தித் தொண்டையைக் காறித் துப்ப வேண்டும், ஏனென்றால் மனுஷனுக்கு அந்த நோய் ஒட்டாவிட்டாலும் மூக்குக்குள் ஒளிந்து உட்கார்ந்துகொண்டு கூடவே வீட்டுக்கு வருவாராம் பெரியவர். அதற்கப்புறம் ஒரு வாரம் குளம்பு பிளந்த எந்தப் பிராணி பக்கமும் போகக் கூடாது, மாடு, எருமை, ஆடு, பன்றி, எதுவும். மற்றவர்களுக்கு அது ஒரு விதி, அவ்வளவுதான், அப்பார்ட்மெண்டில் இருக்கிறவனுக்கு மாடு ஏது. இவள் வாக்கப்பட்டது மாட்டு வீட்டில். வாசலைத் தாண்டினால் மாட்டுக்கொட்டகை, படுக்கை அறை ஜன்னலைத் திறந்தால் மாட்டு மூஞ்சி. கல்யாணமான புதிதில் புருஷன் மயில்சாமி அதைப் பெருமையாகக் காட்டினான், உங்க டாக்டர் படிப்புக்கு ஏத்த வீடுங்க என்று. வாரா வாரம் உள்ளே போகிறவளுக்கு அந்த ஒரு வாரம் என்றைக்கும் முடியாது, முடிகிறதுக்குள் அடுத்தது ஆரம்பித்துவிடும். பிரசவ லீவில் வீட்டில் இருந்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. லீவு முடிந்து, பிள்ளையை இங்கே கொண்டு வந்து ஆள் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டிருந்த சமயத்தில் ஊரில் கோமாரி வந்தது. அந்தியூர்ச் சந்தையிலிருந்து யாரோ ஓட்டி வந்த மாட்டோடு வந்தது, மாதிரி எடுத்துப் பார்த்தபோது இங்கே கட்டடத்துக்குள் இருந்த வகைகூட இல்லை அது, வேறு வகை, இவள்தான் அந்தச் சோதனையையே செய்தாள். வீட்டில் இரண்டு கன்றுக்குட்டிகள் செத்தன. யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான். மயில்சாமி மட்டும் போனில், எதுக்கும் கொஞ்ச நாள் நீ அங்கயே இரு வேணி, பாப்பாவை சாந்தா பாத்துக்குவா, அவளுக்கும் ஒரு பிடிப்பு வேணும்ல என்றான். சாந்தாமணியின் புருஷன் திருப்பூரில் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டிருந்தான், அவள் ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள், பிள்ளை இல்லை. கொஞ்ச நாள் என்றுதான் சொன்னான் பாவி. மிருதுளாவுக்கு அப்போது பல் முளைக்கிற சமயம், எதைக் கொடுத்தாலும் கடிப்பாள், இவள் தோளைக் கடித்து வைத்த தடம் பஸ்ஸில் ஓசூர் வரும்வரை சிவப்பாக இருந்தது.

வேலையை விட்டிருக்கலாமே. அட, அதை நினைக்காத நாள் உண்டா. மயில்சாமி ஒரு தடவை கேட்டான், ஒரே ஒரு தடவை, அதுவும் தண்ணி குடிச்சியா என்று கேட்கிற குரலில். அவள் சம்பளத்தைச் சொன்னாள், படித்த படிப்பைச் சொன்னாள், நோயைக் கண்டுபிடித்தால் உன் மாட்டுக்கும்தானே நல்லது என்று சொன்னாள், எல்லாம் நிஜம்தான், ஆனால் அதற்கெல்லாம் கீழே ஒன்று இருந்தது, அதை அவனிடம் சொல்லவில்லை. உள்ளே போவது பிடித்திருந்தது. கதவு ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும், போன் கிடையாது, கூப்பிட ஆள் கிடையாது, யாருக்கும் அண்ணி இல்லை மருமகள் இல்லை, காற்று ஓடும் சத்தம் மட்டும். அங்கே தனியாக இருப்பது தனிமையாகவே தெரியாது. வெளியே வந்தால்தான் தெரியும். குவார்ட்டர்ஸில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், குக்கரில் பாதிக்குக் கீழே சோறு, டி.வி.யில் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், என்ன பேசினாலும் சரி. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாடிப்படியில் திமுதிமுவென்று இறங்கினால் டி.வி. சத்தத்தைக் கூட்டி வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை துணிக்கடைக்குப் போய்ச் சின்னச் சின்னச் சட்டையாகத் தொட்டுப் பார்ப்பாள், வாங்குவாள், வாங்கியதெல்லாம் சிறிதாகப் போகும், ஏனென்றால் அவள் மனசில் இருக்கிறது கடைசியாகப் பார்த்த மிருதுளா, சட்டை போய்ச் சேருகிற மிருதுளா வேறு, அதற்குள் வளர்ந்துவிட்டிருப்பாள். அடுத்த தடவை ஒரு அளவு பெரிதாகவே எடுக்கச் சொன்னாள் சாந்தாமணி, எடுத்தாள், அது தொளதொளவென்று தொங்கியது. சொந்தப் பிள்ளையின் அளவு தெரியாத ஒருத்தி. கை சாய்த்துக்கொண்டே இருக்கிறது, சாய்த்தது போதும் என்று அப்புறம்தான் தெரிந்தது, வைத்தாள்.

பார்க்கவே இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மயில்சாமி பிள்ளையை வண்டியில் வைத்துக் கோபிக்குக் கூட்டி வருவான், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஏ.சி. போட்ட ஓட்டலில் உட்கார்வார்கள், பிள்ளை ஐஸ்கிரீம் சாப்பிடும், இவள் பார்த்துக்கொண்டு இருப்பாள். புதுத் துணி, வேறு செருப்பு, நன்றாகக் குளித்துவிட்டுத்தான் வருவாள், இருந்தாலும் வீட்டுக்குப் போனதும் பாப்பாவைத் தலையோடு குளிக்க வைத்துவிட்டுக் கொட்டகைப் பக்கம் விடு சாந்தா என்று சொன்னதும் அவளேதான். எழவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிக்கிற மாதிரி. அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தால் குளிக்க வேண்டும் என்றுதானே அந்தப் பிள்ளைக்குப் பதிந்திருக்கும்? ஒரு தடவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டபோது, எறக்கி விடுங்க, தலைக்குக் குளிக்கோணும், எனக்குச் சளி என்றாள், மூன்று வயசு, வெகு பொறுப்பாக. மயில்சாமி சிரித்தான். எல்லாவற்றுக்கும் சிரித்துத்தான் கெட்டது. அண்ணி என்று முதலில் கூப்பிட்டபோதும் சிரித்தார்கள். வீடியோ காலில் சாந்தாமணி எப்போதும் ஆரம்பிக்கிற மாதிரியே, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அண்ணி, சாப்டீங்களா என்றது அந்த வாண்டு. என்ன சிரிப்பு! சாந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், மயில்சாமி போனைக் கீழே போட்டுவிட்டான், இவள் இங்கே தனியாக அறையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், சாப்பிட்டேன் கண்ணு, நீ சாப்ட்டியா என்றாள். அங்கேதான் தப்பு. அன்றைக்கே அம்மான்னு சொல்லு என்று ஒரு அதட்டல் போட்டிருக்க வேண்டும். அப்பாவை மாமா என்று கூப்பிடுகிற பிள்ளைகள் இல்லையா, அம்மாவை அக்கா என்று கூப்பிடுகிற வீடுகள் இல்லையா, கேட்டதைத்தானே பிள்ளை சொல்லும், வளர்ந்தால் சரியாகப் போகும் என்று விட்டாள். அண்ணி என்கிற வார்த்தை அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. ஒரு இடம் காலியாகிவிட்டால் யாராவது வந்து உட்காரத்தானே செய்வார்கள், அம்மா என்கிற வார்த்தை எத்தனை நாள் ஆள் இல்லாமல் கிடக்கும்? எப்போது சாந்தாமணியை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்று யாரும் இவளிடம் சொல்லவில்லை. ஒரு நாள் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து கேட்டது, அம்மா, என் ரிப்பன் எங்க. ஓடிப் போய்த் தேடியது சாந்தாமணி. இவள் கையில் போனோடு, தன் அறையில், எழுந்து நின்றுவிட்டாள். ஒரு நிமிஷம் அந்த ரிப்பனை இங்கே தேடினாள் என்றால் யார் நம்புவார்கள்.

சின்னவர் வந்தார், எல்லாம் மாறும் என்று நினைத்தாள். குளியல் இல்லை, காறல் இல்லை, அந்த ஒரு வாரம் இல்லை. குதிரைச் சளியால் மாட்டுக்கு என்ன ஆகிவிடும், அந்த ஊரில் ஒரு குதிரைகூடக் கிடையாது. பெரிய கட்டடத்தைத் திறந்தாலும் இனிமேல் நான் இந்தப் பக்கமே இருக்கிறேன் சார் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கடைசியாக உள்ளே போன நாளை நினைத்துப் பார்த்து அது எப்போதோ என்று ஆன பிறகும் இன்னும் கொஞ்ச நாள் பொறுத்து, ஒரு சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறினாள். நேராகக் கொட்டகைக்குத்தான் போனாள். செவலை மாடு தலையைத் திருப்பி அவள் கையை மோந்தது, அந்தச் சூடான மூச்சு மணிக்கட்டில் பட்டதும் அழுகை வந்துவிட்டது, எத்தனை வருஷம் ஆயிற்று ஒரு மாட்டுக்கு முன்னால் பயப்படாமல் நின்று. அண்ணி என்று ஒரு சத்தம். சாந்தாமணி. ஓடி வந்தாள், கையில் வாளி, வாளியில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர், கோமாரிக்குப் போடுகிற அதே தண்ணீர், இவளே எப்போதோ சொல்லிக் கொடுத்தது. அண்ணி, கால், கால் என்றாள், மூச்சு வாங்க. சாந்தா, இப்ப அது வேண்டாம், இப்ப நான் வேற வேலை பாக்கிறேன், அது ஒண்ணும் பண்ணாது என்று இவள் சொல்ல, ஆமாங்களா, சரிங்க அண்ணி, சரிங்க என்றாள் அவள், ஆனால் வாளியைக் கீழே வைக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். கடைசியில் கமலவேணி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை வாளித் தண்ணீரில் நனைத்தாள், வேறென்ன செய்ய. மிருதுளா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், ரெட்டைச் சடை, முன்பல் இரண்டு இல்லை. அன்று சாயங்காலம்தான் கேட்டாள், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது பாப்பாவை ஓசூரில் சேர்த்துவிடலாம் என்று இருக்கிறேன் என்று, கேட்கிற மாதிரி இல்லாமல் சொல்கிற மாதிரி. மயில்சாமி, உனக்கு எப்படித் தோணுதோ என்றான், அவனுக்கு எல்லாமே அடுத்தவர்களுக்குத் தோன்றுவதுதான். சாந்தாமணி சரிங்க அண்ணி என்று சமையல்கட்டுக்குள் போனாள், ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

பதிலி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அசல் மாதிரி இருக்க வேண்டும், அது சரி. ஆனால் அசலைவிட ஒரு பிடி கூடுதலாகத் தாங்க வேண்டும், அதுதான் முக்கியம். மருந்து ஊற்றிப் பதிலி செத்துவிட்டது என்றால் அசல் அதற்கு முன்பே செத்திருக்கும் என்று நம்பி வீட்டுக்குப் போகலாம். சட்டென்று செத்துப்போகிற பதிலியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சாந்தாமணி தாங்குகிறவள். விடிய நாலு மணிக்குப் பால் கறப்பது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு கவுந்தப்பாடி ஆஸ்பத்திரிக்கு நடப்பது, புருஷன் வேறொருத்தியோடு இருப்பதைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் சிரித்த முகத்தோடு மழுப்புவது. இவளால் முடிந்திருக்குமா? முடிந்திருக்கும், முடிந்திருக்காது, யார் கண்டது, செய்து பார்த்தால்தானே தெரியும். ஒவ்வொரு தடவையும் யோசனை இங்கே வந்து முட்டும், முட்டிவிட்டு, அதனால் என்ன, சோதனை முடிந்தால் பதிலியின் வேலை முடிந்தது, அசல் அசல்தான் என்று திரும்பும். இன்றைக்கு ஏனோ திரும்பவில்லை. தட்டை அந்தப் பக்கம் சாய்த்தபடி கை நின்றுவிட்டது. பதிலியை எதற்கு வைக்கிறோம்? அசல் இல்லாததாலா? இருக்கிறதே, இதோ கட்டடத்தில் உறைய வைக்கிற பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அசல் கெடுதல் செய்யும் என்பதால் வைக்கிறோம். கிட்டே போனால் ஆபத்து என்பதால். அப்படியானால் அந்த வீட்டில் பெரியவர் யார்? வந்தால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்களே யாரைப் பார்த்து, தொட்டால் பிள்ளையைத் தலைக்குக் குளிப்பாட்டினார்களே யார் தொட்டு? நான்தான் பெரியவரா. இத்தனை வருஷமும் சாந்தாமணியைப் போலி என்றும் தன்னை நிஜம் என்றும் ஒரு தராசு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, அந்த வீட்டுக்காரர்கள் நிஜத்தைத்தானே தூரத்தில் வைத்தார்கள், சாதுவானவளிடம் பிள்ளையைக் கொடுத்தார்கள். சே, என்ன யோசனை இது, வைரஸும் மனுஷியும் ஒன்றா, இவள் பெற்றவள், பத்து மாதம் சுமந்து, தையல் போட்டு, பால் கட்டிக் காய்ச்சல் கண்டு. இந்தப் பிள்ளை வராவிட்டால் இனி எதற்கு இந்த அறை, எதற்கு இரண்டாவது தட்டு வாங்கி வைத்தது, ஜன்னலோரம் ஒரு சின்ன மேஜை போட்டது, பள்ளிக்கூடத்தில் இடம் பிடித்தது. வர வேண்டும். வந்தே ஆக வேண்டும். சொல்லு சாந்தா, வருகிறாள் என்று சொல்லு. தட்டு சாய்ந்தபடியே இருந்ததில் ஒரு குழியின் ஓரம் காயப் பார்த்தது. அவசரமாக இந்தப் பக்கம் சாய்த்தாள், தண்ணீர் திரும்பி ஓடி அதை மூடியது.

போன் அப்போதுதான் உறுமியது, ஜிப் பைக்குள்ளேயே கிடந்து அலமாரியில் ஊர்ந்தது. தட்டை இன்குபேட்டரில் வைத்துச் சாத்தி, கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, ஈரக் கையோடு வராந்தாவுக்கு ஓடினாள். அதற்குள் நின்று, மறுபடி அடித்தது. "அண்ணி, வேலையா இருக்கீங்களா?" என்றாள் சாந்தாமணி. இல்லை, சொல்லு. "இப்பத்தானுங்க பால் ஊத்திட்டு வந்தேன். செவலை இன்னைக்கு ஒதைச்சுக்கிட்டே நின்னுச்சு, அதான் நேரமாயிருச்சு." சரி சாந்தா. "வெயில் அங்க எப்படிங்க?" பரவாயில்லை. ஐயோ, வெயிலா இப்போது முக்கியம். "கேட்டியா சாந்தா?" என்று கேட்டுவிட்டாள். "கேட்டேனுங்க அண்ணி. மொதல்ல அழுதா. அப்புறம் அங்க லிஃப்ட் இருக்கான்னு கேட்டா, இருக்குன்னேன். அப்புறம் ஒண்ணும் சொல்லலைங்க. நீங்க கூட்டிட்டுப் போங்க அண்ணி. பெத்தவங்க நீங்க இருக்கறப்ப எத்தனை நாளைக்கு இங்க கெடக்கறது. நான் பேசிப் பேசிச் சரி பண்ணிட்டேன், அழுவ மாட்டா. துணியெல்லாங்கூட எடுத்து வெச்சாச்சு." குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை, எத்தனை தடவை தனக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள். "இன்னொண்ணுங்க. உங்களை அண்ணின்னு கூப்பிடறதை நிறுத்தச் சொல்லிட்டேன். அங்க பள்ளிக்கூடத்துல எல்லாரும் இருக்கறப்ப அண்ணீன்னா உங்களுக்கு நல்லாருக்குங்களா? நாலு நாளாச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கறேன். இருங்க, அவளே பேசட்டும். அம்மிணி, இங்க வா சாமி."

கமலவேணி சுவரில் சாய்ந்துகொண்டாள். வருகிறாள். வருகிறாளே! அந்த மேஜைக்கு ஒரு விளக்கு வாங்க வேண்டும், ரிப்பன் வாங்க வேண்டும், சடை போடத் தெரியுமா எனக்கு, கற்றுக்கொள்ளலாம், இதைக் கற்றுக்கொள்ள முடியாதா. போனில் மூச்சுச் சத்தம் கேட்டது, சின்ன மூச்சு, ஓடி வந்த மூச்சு. பிறகு ஒரு குரல், பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்கிற குரல், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. "அம்மா. சாப்டீங்களா?" ஏழு வருஷம் கழித்துக் காதில் விழுகிறது, தனக்கென்று, தன்னைப் பார்த்து. வாயைத் திறந்தாள், சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும், சனிக்கிழமை வருகிறேன் கண்ணு, உன்னைக் கூட்டிக்கொண்டு போக வருகிறேன் என்று சொல்ல வேண்டும், எதை முதலில் சொல்வது என்று தேடுவதற்குள் ஒரு நொடி, இரண்டு நொடி போயிற்று. அந்தப் பக்கம் பிள்ளை போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கியது தெரிந்தது. விலக்கி, திரும்பி, இப்போது பாடமாக இல்லாமல் தன் சொந்தக் குரலில், கவலையாகக் கேட்டது:

"அம்மா, சரியாச் சொன்னனா?"

கேட்டது சாந்தாமணியிடம். தூரத்தில் ஒரு மாடு கத்தியது. கமலவேணி போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். கூட்டிக்கொண்டு வரலாம், துணிகூட எடுத்து வைத்தாயிற்று, யாரும் தடுக்க மாட்டார்கள். பிய்த்துக்கொண்டுதான் வர வேண்டும். வேண்டாம். வேண்டாம் என்று அவளுக்குத் தெரிந்த அந்த நிமிஷம் வலித்தது, பிள்ளை பெற்ற வலியைவிட வலித்தது, அதை யாரிடம் சொல்ல.

"சரியாத்தான் சொன்னே கண்ணு," என்றாள். குரலை நேராக்கிக்கொண்டாள். "ரொம்பச் சரியாச் சொன்னே. போனை அம்மாகிட்டக் குடு."

யாரிடம் என்று மிருதுளா கேட்கவில்லை. கொடுத்துவிட்டாள்.